லண்டன்ல அரை நாள் இருக்கா? சோன் மியூசியமா, ஹைகேட் கல்லறையா

டவர் பிரிட்ஜ், பக்கிங்ஹாம் எல்லாம் பாத்தாச்சு, மீதி அரை நாள்ல இந்த ரெண்டுல எதுக்குப் போலாம்னு நிறைய பேர் கேக்குறாங்க.

காசு: சோன் ஃப்ரீ. ஹைகேட்டுக்கு டிக்கெட் உண்டு.

போறது: சோனுக்கு ஹோல்பர்ன் ஸ்டேஷன்ல இறங்கி சும்மா நடந்தா போதும். ஹைகேட்டுக்கு ஆர்ச்வே ஸ்டேஷன்ல இறங்கி மேடு ஏறணும், முட்டி வலி இருக்கறவங்க யோசிச்சுக்கோங்க.

மழை வந்தா: சோன் மியூசியம் ஒரு வீட்டுக்குள்ள இருக்கு, நனைய மாட்டீங்க. ஹைகேட்ல நனைவீங்க, சேறு வேற.

என்ன இருக்கு: சோன்ங்கறவரு ஆர்க்கிடெக்ட், தன் வீட்டை அப்படியே வைக்கணும்னு 1833ல பார்லிமெண்ட்ல சட்டமே போட வச்சிட்டாரு, உள்ள போனா சுவர் முழுக்க சிலைத் துண்டுங்க, கீழ முதலாம் சேத்திங்கற பழைய எகிப்து ராஜாவோட கல் சவப்பெட்டி, பிரிட்டிஷ் மியூசியம் விலை அதிகம்னு விட்டதை இவரு 2000 பவுண்டு குடுத்து வாங்கினது. படம் மாட்டின ரூம்ல சுவரையே கதவு மாதிரி திறப்பாங்க, உள்ள இன்னொரு வரிசை படம்! அதை மட்டும் மிஸ் பண்ணாதீங்க. திங்கள், செவ்வாய் லீவு.

ஹைகேட்ல கிழக்குப் பக்கம் கார்ல் மார்க்ஸ் சமாதி, பெரிய தலைச் சிலையோட. அந்தச் சிலை 1956ல வச்சது, அவர் இறந்தது 1883. காசு வாங்கிட்டு மார்க்ஸைக் காட்டுறாங்கன்னு கிண்டல் பண்ணாதவங்க இல்ல. மேற்குப் பக்கம் கொடி படர்ந்து கிடக்கு, எனக்கு அதுதான் அழகு.

குழந்தைங்க கூட இருந்தா ஹைகேட், பக்கத்துலயே வாட்டர்லோ பார்க் இருக்கு. சோன்ல இடம் குறுகல், கை வச்சா உடையற சாமான். தனியா, மழை நாள்ல, பட்ஜெட்ல வந்தவங்களுக்கு கண்ண மூடிட்டு சோன்தான்.