மலேசியாவில் ஓட்டல் வேலை, ‘ஃப்ரீ என்ட்ரி’ என்று சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்

விசா செலவு இல்லை, பத்தே நாளில் பயணம், போய் இறங்கியதும் பெர்மிட் என்று சொல்லி எங்கள் பக்கத்தில் மறுபடியும் ஆள் சேர்க்கிறார்கள். என் தம்பியை இப்படித்தான் அனுப்பினார்கள். பணம் கட்டுவதற்கு முன் யாராவது படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுக்கு ராமநாதபுரம் மாவட்டத்தில் வானம் பார்த்த பூமி. ஒரு போகம் நெல், கொஞ்சம் மிளகாய். அந்த வருஷம் மிளகாய் பழுக்கிற நேரத்தில் மழை பெய்து செடியிலேயே அழுகிவிட்டது. தம்பி ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன், மதுரைப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தான். பக்கத்து டவுனில் டிராவல்ஸ் போர்டு மாட்டியிருந்த ஒருவர் வீட்டுக்கே வந்தார். அம்மாவை ‘அத்தை’ என்றும் அவனை ‘மாப்ளே’ என்றும் உறவு சொல்லிப் பேசினார். ஓட்டலில் சப்ளையர் வேலை, மாதம் 1,800 ரிங்கிட், சாப்பாடு, தங்குமிடம் இலவசம், மொத்தச் செலவு 1,30,000 ரூபாய் என்றார். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தோம், மீதிக்கு மகளிர் குழுவில் கடன் எடுத்தோம். பாதியை ரொக்கமாக வாங்கினார், பாதியைத் தன் மனைவியின் கணக்குக்கு ஜிபேயில் போடச் சொன்னார். ரசீது கேட்டதற்கு, ‘நமக்குள்ள எதுக்குத்தே அதெல்லாம்’ என்றார்.

அவர் சொன்ன ‘ஃப்ரீ என்ட்ரி’ என்ன என்று பின்னால்தான் தெரிந்தது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை மலேசியா போய்வரலாம். அது சுற்றிப்பார்க்கப் போகிறவர்களுக்கு. அதில் போய் வேலை பார்ப்பது அங்கே குற்றம். வேலைக்கென்றால் முதலாளி முதலில் அங்கே அனுமதி வாங்கி, அதன்பேரில் வேலை விசா இங்கிருக்கும்போதே கைக்கு வரவேண்டும். அந்த வழியும் அப்போது அடைபட்டிருந்தது. வெளிநாட்டு ஆட்களை எடுக்க முதலாளிகள் புதிதாக ஒதுக்கீடு கேட்டு விண்ணப்பிப்பதை மலேசிய அரசு 2023 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டது. ஏற்கெனவே அனுமதி கிடைத்தவர்கள் உள்ளே வர 2024 மே 31 கடைசி நாள். தம்பி கிளம்பியது அந்த ஆடி மாதம். அதாவது ‘பெர்மிட் ரெடி’ என்று அவர் சொன்னபோது அப்படி ஒரு பெர்மிட் கிடைக்க வாய்ப்பே இல்லை.

கிளம்புகிற அன்று இரவு திருச்சி விமான நிலைய வாசலில் வைத்துத்தான் காகிதங்களைக் கையில் கொடுத்தார். போகவர டிக்கெட், ஒரு ஓட்டல் புக்கிங், அவ்வளவுதான். ‘கேட்டா டூருக்குப் போறேன்னு சொல்லு, வேலைன்னு வாயைத் திறக்காதே’ என்றாராம். பத்தாவது முடிக்காதவர்களுக்கு ஈசிஆர் பாஸ்போர்ட். அதை வைத்துக்கொண்டு மலேசியா மாதிரி நாடுகளுக்கு வேலைக்குப் போக, மத்திய அரசின் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அங்கே ஒப்பந்தத்தையும் சம்பளத்தையும் பார்ப்பார்கள். 275 ரூபாய்க்கு இரண்டு வருஷக் காப்பீடு எடுக்கவேண்டும், விபத்தில் செத்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் கிடைக்கும். சுற்றுலா என்று சொல்லிப் போகிறவனுக்கு இதில் எதுவும் கிடையாது. அவனை யார் அனுப்பினார்கள் என்பதற்கே அரசாங்கத்தில் பதிவு இருக்காது. அந்தப் பொய்யைச் சொல்லவைப்பதே அதற்காகத்தான்.

கோலாலம்பூரில் இறங்கியதும் ஒருவன் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் விட்டான். இன்னொருவர் பாஸ்போர்ட்டைப் பிடித்துவைப்பது மலேசியாவின் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். தம்பிக்கு அது எப்படித் தெரியும்? விடியற்காலையில் தொடங்கி நள்ளிரவு வரை பாத்திரம் கழுவினான். மாடியில் ஒரே அறையில் பத்துப் பதினைந்து பேர். சம்பளம் கேட்டால், ‘உன் ஏஜென்டுக்குக் கொடுத்த காசு கழியட்டும்’ என்பார் முதலாளி. இங்கே நாங்கள் 1,30,000 கட்டியிருக்க, அங்கேயும் அவனைக் காட்டிக் காசு வாங்கியிருக்கிறார்கள். 30 நாள் தாண்டியதும் மிரட்டல் ஆரம்பித்தது. வெளியே போனால் பிடித்து உள்ளே போடுவார்கள் என்று. இமிகிரேஷன் ரெய்டு என்று பேச்சு வந்தால் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் உட்காரவைத்துப் பூட்டுவார்களாம். இதை அவன் போனில் சொன்னபோது அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அந்த வருஷம் டிசம்பர் 31 வரை, அனுமதி இல்லாமல் தங்கியவர்கள் தாமாக வந்து 500 ரிங்கிட் அபராதம் கட்டினால் ஊர் திரும்பலாம் என்று மலேசிய அரசு ஒரு திட்டம் வைத்திருந்தது. கடைக்குச் சாப்பிட வரும் அந்த ஊர்த் தமிழர் ஒருவர்தான் இதைச் சொல்லி, இந்தியத் தூதரகத்துக்கும் கூட்டிப்போனார். பாஸ்போர்ட் இல்லாததால் அவசரப் பயணச் சான்று வாங்கி, நாங்கள் மறுபடி கடன் வாங்கி டிக்கெட் அனுப்பி, வந்து சேர்ந்தான். அந்த மனிதருக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

ஏஜென்ட் இப்போது, ‘நான் டிக்கெட் மட்டும்தான் போட்டுக்கொடுத்தேன்’ என்கிறார். ரொக்கமாகக் கொடுத்ததற்கு ஆதாரம் இல்லை. ஜிபே பதிவும் அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜும் இருப்பதால்தான் புகாரை வாங்கவே செய்தார்கள்.

உங்களிடம் யார் பேசினாலும் முதலில் அவர் பதிவு எண்ணைக் கேளுங்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசில் பதிவு இருக்கவேண்டும். அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்தாலே தெரியும். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ‘சென்னை கம்பெனிக்கு நான் சப்-ஏஜென்ட்’ என்றால் அதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. எவ்வளவு சொந்தக்காரராக இருந்தாலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். விசாவும் தமிழிலோ உங்களுக்குப் புரிகிற மொழியிலோ ஒப்பந்தமும் கைக்கு வராமல் விமானம் ஏறாதீர்கள். பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

அந்த ஆள் போர்டை மாற்றிக்கொண்டு இன்னும் அதே டவுனில்தான் உட்கார்ந்திருக்கிறார். போலீஸிலும் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் கொடுத்த எங்கள் புகார் நிலுவையில் இருக்கிறது. முதுகுளத்தூர், பரமக்குடி, இளையான்குடிப் பக்கம் இதேபோல் பணம் கட்டியவர்கள் இருந்தால், மெசேஜ், பணம் போட்ட பதிவு எதையும் அழித்துவிடாதீர்கள். பாதிப் பணம் தருகிறேன் என்று அவர் தனித்தனியாகப் பேச வருவார், எங்களிடமும் வந்தார். அவர் நீட்டுகிற காகிதம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், நீங்களும் புகார் கொடுங்கள்.