ஜூஷியா சிகாசாகியா? டோக்கியோல வேலை, வீடு மட்டும் கடல் பக்கம்னா எது சரி

டோக்கியோல வேலை, ஆனா வீடு கடல் பக்கம் வேணும்னு கேட்டா எல்லாரும் முதல்ல காமகுராவத்தான் சொல்வாங்க. அத நான் இங்க சேர்க்கவே இல்ல, லீவு நாள்ல சுற்றுலாக் கூட்டத்துல அங்க ஓடற எனோடென்ங்கற உள்ளூர் ரயில்ல உள்ளூர்க்காரங்களே ஏற முடியாம திண்டாடுறாங்க. நிஜமான போட்டி பக்கத்துல இருக்கற ஜூஷிக்கும், மேற்க கொஞ்சம் தள்ளி இருக்கற சிகாசாகிக்கும்தான். ரெண்டுமே கனகாவா மாகாணம், ரெண்டுமே சகாமி விரிகுடா, டோக்கியோ ஸ்டேஷனுக்கு ரெண்டுலேருந்தும் சுமாரா ஒரு மணி நேரம். ஜூஷி 17 சதுர கிலோமீட்டர்ல ஐம்பத்தி சொச்சம் ஆயிரம் பேர் இருக்கற குட்டி ஊர், சிகாசாகில 2,40,000 பேர் இருக்காங்க.

தினமும் ஆபீஸ் போறவங்களுக்கு ரயில்லயே பாதி முடிவு ஆயிரும், அதுல ஜூஷிதான் முன்னாடி. டோக்கியோலேருந்து யோகோசுகா லைன்ல வர்ற 15 பெட்டி வண்டி ஜூஷியோட நின்னுரும், இல்லன்னா 4 பெட்டிய இங்க கழட்டி விட்டுட்டு 11 பெட்டியா லைனோட கடைசி ஸ்டேஷனான குரிஹாமா பக்கம் போகும், ஏன்னா அதுக்கு அப்புறம் ஸ்டேஷன்லாம் சின்னது, தவுரா ஸ்டேஷன்ல ப்ளாட்ஃபார்ம் ரெண்டு சுரங்கத்துக்கு நடுவுல மாட்டிக்கிட்டு இருக்கறதால 11 பெட்டிக்கே இடம் பத்தாம ஓரத்துப் பெட்டியில கதவே திறக்க மாட்டாங்க. இதனால நமக்கு என்ன லாபம்னா காலைல நிறைய வண்டி ஜூஷிலயே கிளம்புது, குரிஹாமாலேருந்து வர்ற வண்டியிலயும் இங்க 4 காலிப் பெட்டிய சேத்து மாட்டுவாங்க, அது எங்க நிக்கும்னு தெரிஞ்சுக்கிட்டு அங்க வரிசைல நின்னா டோக்கியோவுல இருக்கற ஷினகாவா வரைக்கும் உக்காந்து தூங்கிட்டே போகலாம். இது போக கெய்க்யூ லைனோட ஜூஷி-ஹயாமா ஸ்டேஷன் வேற இருக்கு (2020 வரைக்கும் ஷின்-ஜூஷினு பேரு), அங்கேருந்து ஹனேடா ஏர்போர்ட்டுக்கு மாறாம போகலாம், அடிக்கடி ஃப்ளைட் பிடிக்கறவங்களுக்கு இது ரொம்பப் பெரிய விஷயம்.

சிகாசாகில டோகைடோ லைன், அது வேகமாத்தான் போகும், ஆனா இன்னும் மேற்க இருக்கற அதாமி, ஒடவாராவுலேருந்து கூட்டத்த ஏத்திக்கிட்டு வர்ற வண்டிதான் நிறைய. முந்தின ஸ்டேஷன் ஹிரட்சுகாவுல கிளம்பற வண்டி கிடைச்சா கொஞ்சம் நிம்மதி. காசு போனா பரவால்லன்னா 2021லேருந்து ஓடற ஷோனான் எக்ஸ்பிரஸ் இங்க நிக்குது, சீட்டு உறுதி. ஆபீஸ் கவாசாகி ஸ்டேஷன் பக்கம் இருந்தா மட்டும் யோசிக்கவே வேணாம், யோகோசுகா லைன் அந்த ஸ்டேஷனுக்குப் போகாது, சிகாசாகியே எடுங்க.

கடற்கரை ரெண்டுலயும் அருமை, ஆனா குணம் வேற வேற. ஜூஷி கடல் ஸ்டேஷன்லேருந்து பத்து பதினஞ்சு நிமிஷ நடை, ரெண்டு பக்கமும் மேடு அணைச்ச மாதிரி இருக்கறதால அலை குறைவு, ஆழமும் இல்ல, குழந்தைங்கள தைரியமா இறக்கலாம். கரை அமைதியா இருக்கறதுக்கு 2014ல நகராட்சி போட்ட கடுமையான விதியும் காரணம், கோடைல கடல் குளியல் சீசன்ல கரையில மது குடிக்கக் கூடாது, பார்பிக்யூ கூடாது, ஸ்பீக்கர்ல பாட்டுப் போடக் கூடாது. சிகாசாகி திறந்த கடல், சர்ஃபிங் பண்றவங்க ஊரு அது. தெருவுல சைக்கிளோட பக்கவாட்டுல போர்ட மாட்டிக்கிட்டு ஈர உடுப்போடயே போவாங்க, பாக்கவே ஆசையா இருக்கும். ஊரே சமதளம், அதனால எல்லாத்துக்கும் சைக்கிள் போதும், ஜூஷில அது முடியாது, கொஞ்சம் உள்ள போனாலே ஏத்தம்தான்.

ஜூஷியோட குறையும் சொல்லிடணும். பெரிய பொது மருத்துவமனை ஊருக்குள்ள இல்ல, காமகுராவுக்கோ யோகோசுகாவுக்கோ ஓடணும், சிகாசாகில நகராட்சியே மருத்துவமனை நடத்துது. ஜூஷில கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர் 65 வயசு தாண்டினவங்க. இருக்கற கொஞ்ச நிலத்துலயும் ஏழுல ஒரு பங்கு இகேகோ காட்டுல அமெரிக்கக் கடற்படைக்காரங்க குடியிருப்பு இருக்கற இடத்துக்குப் போயிருச்சு, 1980கள்ல ஊர்க்காரங்க அந்தக் குடியிருப்ப எதிர்த்து மேயரையே மாத்திப் போராடினாங்க, ஆனாலும் கட்டிட்டாங்க. 2015ல ஒரு பகுதிய மட்டும் பூங்காவா திறந்து விட்டாங்க.

எனக்கு ரொம்ப முக்கியமாப் படறது மேடுதான். சுனாமி எச்சரிக்கை வந்தா ஜூஷில சில நிமிஷத்துல உயரத்துக்கு ஏறிடலாம், சிகாசாகில கடலோர வீட்லேருந்து மேட்டு நிலத்துக்கு ரொம்ப தூரம், நடுவுல நெருக்கமா மர வீடு, குறுகலான தெரு. ஆனா அதே மேடுதான் ஜூஷில ஆபத்தும். 2020 பிப்ரவரில மழையே இல்லாத ஒரு காலைல அபார்ட்மென்ட்டுக்குக் கீழ இருந்த சரிவு சரிஞ்சு நடைபாதைல போன 18 வயசு பள்ளி மாணவி இறந்துபோனா, மழை பெய்ஞ்சாதான் சரியும்னு நினைச்சுட்டிருந்தவங்களுக்கு அது பெரிய அதிர்ச்சி.

என் ஓட்டு ஜூஷிக்கு, ஆனா சரிவுக்கு அடியில இல்லாத வீடா இருந்தா மட்டும். குழந்தைங்க சின்னதா இருக்கு, ஆபீஸ் வாரத்துல ரெண்டு நாள்தான்னா சிகாசாகி. எதுவா இருந்தாலும் கையெழுத்துக்கு முன்னாடி ஏஜென்ட் கிட்ட ஹசார்ட் மேப்ப (எங்கெங்க ஆபத்துனு காட்டற வரைபடம்) விரிச்சு வீட்டக் காட்டச் சொல்லுங்க, மண்சரிவுல மஞ்சள் ஜோனா (எச்சரிக்கைப் பகுதி) சிவப்பு ஜோனா (அதவிட ஆபத்தான பகுதி)னு கேளுங்க, அத சொல்ல வேண்டியது சட்டப்படி அவங்க கடமை. வெள்ள மேப்பும் 2020 ஆகஸ்ட்லேருந்து அதுல சேர்ந்துருச்சு.