1903 உடன்பாடா, 1918 கூப்பனா?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் லிபரல்கள் இரண்டு முறை எதிராளியோடு தொகுதிப் பேச்சு நடத்தினார்கள். இரண்டு முறையும் கை மேல் வெற்றி. ஆனாலும் முதலாவதைத்தான் நல்ல உடன்பாடு என்பேன்.

1903-இல் பேசியவர்கள் லிபரல் தலைமைக் கொறடா ஹெர்பர்ட் கிளாட்ஸ்டனும், பின்னாளில் தொழிலாளர் கட்சியான தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழுவின் செயலாளர் ராம்சே மெக்டொனால்டும். 1900 தேர்தலில் அந்தக் குழு பிடித்தது 2 இடங்கள்தான். அடுத்த ஆண்டு டாஃப் வேல் என்ற ரயில் நிறுவனம் தொடுத்த வழக்கில், வேலைநிறுத்த நஷ்டத்தைச் சங்கமே கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. பதறிப்போன தொழிற்சங்கங்கள் குழுவில் சேர்ந்தன. இனி மும்முனைப் போட்டி என்றால் கன்சர்வேட்டிவ்களுக்குத்தான் கொண்டாட்டம். எனவே சுமார் 30 தொகுதிகளில் லிபரல்கள் வழிவிட்டார்கள். இரண்டு உறுப்பினர் தொகுதிகளில் பங்கீடு இன்னும் எளிது: ஆளுக்கு ஒருவர். லெஸ்டரில் மெக்டொனால்டும் ஒரு லிபரலும் சேர்ந்தே ஜெயித்தார்கள். 1906-இல் குழுவுக்கு 29 இடங்கள், லிபரல்களுக்குச் சுமார் 400. அதே ஆண்டு புதுச் சட்டம் வந்து டாஃப் வேல் தீர்ப்பைச் செல்லாததாக்கியது. தொண்டர்களுக்குச் சொல்லாமல் ரகசியமாக முடித்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

1918-இல் ரகசியம் இல்லை. லிபரல் பிரதமர் லாயிட் ஜார்ஜும் கன்சர்வேட்டிவ் தலைவர் போனர் லாவும் கையெழுத்திட்ட கடிதம் யாரிடம் இருக்கிறதோ அவரே கூட்டணி வேட்பாளர். போர்க்கால ரேஷனை நினைத்து அதைக் 'கூப்பன்' என்றார் முன்னாள் லிபரல் பிரதமர் ஆஸ்குவித். ஆனால் இங்கே உடன்பட்டது ஒரு கட்சி அல்ல, லாயிட் ஜார்ஜ் அணி, ஆஸ்குவித் அணி என்று பிளந்த கட்சியின் ஒரு பாதி. ஒரே கட்சிக்காரர்களில் சிலருக்குக் கடிதம், சிலருக்கு இல்லை. கடிதம் இல்லாத ஆஸ்குவித் அணி 40 இடங்களைக்கூடத் தொடவில்லை, ஆஸ்குவித்தே தோற்றார். சரி, லாயிட் ஜார்ஜாவது பிழைத்தாரா? 1922 அக்டோபர் 19 அன்று கார்ல்டன் கிளப்பில் கூடிய கன்சர்வேட்டிவ் எம்.பி.க்கள் கூட்டணி வேண்டாம் என்று வாக்களித்தார்கள். அன்றே அவர் பதவி விலகினார்.

1903-இல் தொழிலாளர் கட்சியை ஏற்றிவிட்டதும் லிபரல்கள்தானே, வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முழுக்கட்சியாக நின்றவரை லிபரல்களை அது முந்தவே இல்லை. 1910-இன் இரண்டு தேர்தல்களிலும் அதற்கு 40-ஐ ஒட்டித்தான் இடங்கள். கூப்பன் தேர்தலில்தான் 57 இடங்களோடு ஆஸ்குவித் அணியைத் தாண்டியது, 1922-இல் 142.