நாளுக்கு ஒரு படம், ஓராண்டு முழுவதும்: மலையகத்தில் நிக்கோன் டி3500

நாளுக்கு ஒரு படம் என்று ஓராண்டு முழுவதும் எடுக்க நினைக்கும் பொழுதுபோக்குக்காரருக்கு எந்தக் கமரா பொருந்தும் என்பதற்குப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் விவரங்களில் விடை கிடைக்காது. இலங்கை மலையகத்தில் ஹட்டனைச் சுற்றியுள்ள பகுதியில், தென்மேற்குப் பருவ மழை பிடித்துக்கொண்ட ஒரு ஆனி மாதத்து மாலையில், வேலை முடிந்து வெளியே வருகிறவரின் கையில் அந்தக் கமரா என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் தெரியும். நிக்கோன் டி3500 ஐ அப்படி ஓராண்டு பயன்படுத்திப் பார்த்ததில் நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கமராவை நம்பி வாங்கலாம். அதனுடன் சேர்த்து விற்கப்படும் 18-55 மிமீ ஜூம் லென்ஸை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். 35 மிமீ எஃப் 1.8 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறையத் திறப்பு அகன்று கூடுதல் வெளிச்சம் உள்ளே வரும்) ஒன்றுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க முடியாதென்றால், இப்போதைக்குக் கைப்பேசியிலேயே எடுத்துக்கொண்டிருப்பது மேல்.

இது 2018 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட கமரா. 24.2 மெகாபிக்சல் டிஎக்ஸ் சென்சார் (பழைய ஃபிலிம் சட்டகத்தைவிடச் சிறியது), ஐஎஸ்ஓ எனும் ஒளி உணர்திறன் 100 முதல் 25,600 வரை, 11 குவியப் புள்ளிகள், நொடிக்கு 5 படங்கள். மின்கலமும் நினைவக அட்டையும் சேர்த்து 415 கிராம். உற்பத்தி நிறுத்தப்பட்டுவிட்டதால், இன்று தேடுகிறவருக்குக் கைமாறியதுதான் பெரும்பாலும் அகப்படும்.

இதன் முதற்பெரும் சிறப்பு மின்கலம். ஒரு முறை முழுதாக மின்னேற்றினால் 1,550 படங்கள் எடுக்கலாம் என்பது ஜப்பானியக் கமரா உற்பத்தியாளர் சங்கமான சிபாவின் அளவீட்டின்படி நிக்கோன் தரும் கணக்கு. கண்ணாடியில்லாக் (மிரர்லெஸ்) கமராக்கள் பல அதே அளவீட்டில் முந்நூறு நானூறைத் தாண்டுவதில்லை. மற்ற ஊர்களில் இது ஒரு வசதி மட்டுமே. காற்று பலமாக வீசினால் மரம் சாய்ந்து கம்பி அறுந்து, மின்சாரம் எப்போது திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாத தோட்டப்புறங்களில் இதுவே கமராவைத் தேர்ந்தெடுக்கும் காரணமாகிவிடுகிறது. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் துண்டிக்கப்பட்டதை மறக்காதவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாளுக்கு நாலைந்து முறை அழுத்தி அவற்றில் ஒன்றை வைத்துக்கொள்கிற பழக்கத்துக்கு, மின்னேற்றியைத் தேட வேண்டிய அவசியம் மாதத்துக்கு ஒரு முறை வந்தாலே அதிகம். ப்ளூடூத்தை அணைத்து வைப்பதும், எடுத்த படத்தைத் திரையில் உடனே காட்டும் வசதியை நிறுத்தி வைப்பதும் அந்த இடைவெளியை இன்னும் நீட்டுகின்றன.

லென்ஸைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம் நம்முடைய வெளிச்சம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே கோடையென்றும் குளிர்காலமென்றும் பகல் பெரிதாக நீள்வதோ குறுகுவதோ இல்லை. ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணியை ஒட்டியே பொழுது சாய்கிறது. வார நாட்களில் வேலைக்குப் போகிறவருக்கு எஞ்சுவது அந்தக் கடைசி ஒரு மணி நேரம்தான். அதையும் மலைச்சரிவும் மேகமும் பாதி தின்றுவிடும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தகரக் கூரை, ஒரே ஒரு மின்குமிழ், மூன்று பக்கம் திறந்த சுவர், வெளியே தூறல். தராசின் கொக்கியில் மாட்டிய கொழுந்துச் சாக்கை ஒருவர் பிடித்து நிறுத்த, அடுத்ததாக நிற்கும் பெண் தன் சாக்கின் வாயை இறுக்கிக்கொண்டு, கறை ஏறிக் கறுத்த விரல்களால் படங்குச் சேலையின் முடிச்சைத் தளர்த்துகிறார். அவருடைய கண் கணக்கப்பிள்ளையின் புத்தகத்தின் மீது இருக்கிறது. கிலோவைக் குறைத்து எழுதிவிடுவாரோ என்ற அந்தப் பார்வை ஒரு நொடிகூட நிற்காது. அந்த இடத்தில் 35 மிமீ லென்ஸை எஃப் 1.8 இல் திறந்து, ஷட்டரை 1/125 நொடியில் வைத்தால் ஐஎஸ்ஓ 3,200 போதுமானதாக இருந்தது. உடன் வரும் 18-55 லென்ஸை அதே 35 மிமீக்குத் திருப்பினால் அதன் அதிகபட்சத் திறப்பு எஃப் 4.5, உள்ளே வரும் வெளிச்சம் ஆறில் ஒரு பங்கு. அதே ஷட்டருக்கு ஐஎஸ்ஓவை 20,000 வரை ஏற்ற வேண்டும், அங்கே விரலின் கறைக்கும் படத்தின் மணல்போன்ற இரைச்சலுக்கும் வேறுபாடு தெரியாது. அந்த லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு நம் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், எதிரே இருப்பவரின் அசைவை அல்ல.

எடையிலும் இழப்பில்லை. இரண்டு லென்ஸ்களும் ஏறக்குறைய 200 கிராம்தான். ஆனால் 18-55 ஐ விற்றுவிடவும் சொல்ல மாட்டேன். லயன் காம்பராவுக்குள், பத்துக்குப் பன்னிரண்டு அடி இடத்தில், சுவரோடு சாய்ந்து நின்றாலும் 35 மிமீக்குள் ஒரு குடும்பம் அடங்காது. டிஎக்ஸ் சென்சாரில் அதன் பார்வைக் கோணம் பழைய ஃபிலிம் கமராவின் 52 மிமீக்குச் சமமாகக் குறுகிவிடுகிறது. அங்கே 18 மிமீ வேண்டும். தலவாக்கலைக்குப் போகும் வழியில் டெவன் அருவியையோ சென்கிளேயர் அருவியையோ எடுக்கவும் அதுவே சரி. தண்ணீரையும் பாறையையும் எடுக்கும்போது அதிர்வுத் தடுப்பு உண்மையிலேயே பயன்படுகிறது.

இனி பனிமூட்டம். கமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும் இயல்புடையது என்பதால், மூடுபனி நிரம்பிய காட்சியை அதன் போக்கில் விட்டால் வெள்ளை மங்கி, கழுவாத பாத்திரத்துத் தண்ணீர்போல ஒரு படம் கிடைக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, பிளஸ் 0.7 முதல் 1.3 வரை கூட்டினால் பனி பனியாக வரும். டி3500 இல் இதற்கென்று ஷட்டருக்குப் பக்கத்திலேயே பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தியபடி பின்சக்கரத்தைத் திருப்பினால் போதும், கண்ணைப் பார்வைத்துளையிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. சில வாரங்களில் கை தானாகப் பழகிவிடுகிறது. குவியம் அவ்வளவு எளிதல்ல. 11 புள்ளிகளில் நடுப்புள்ளி ஒன்றே கிடைக்கோட்டையும் செங்குத்துக்கோட்டையும் பிடிக்கும் குறுக்குவகைப் புள்ளி. பனியில் மற்றவை பிடிப்பில்லாமல் முன்னும் பின்னும் ஓடும். ஆகவே நடுப்புள்ளியை ஒரு நிழல் மரத்தின் தண்டு விளிம்பிலோ மண்வெட்டி தோளில் போகிறவரின் தோள்கோட்டிலோ வைத்துப் பூட்டிக்கொண்டு, பிறகு சட்டகத்தை நகர்த்துவதே நம்பகமான வழி.

பனியோடு சேர்ந்த இன்னொரு சிக்கல் தூசு. இந்தக் கமராவில் சென்சாரைத் தானே அதிர்த்துத் தூசு தட்டும் ஏற்பாடு இல்லை. தேயிலையின் அடர்ந்த பச்சையில் ஒளிந்துகொள்ளும் ஒரு தூசுப் புள்ளி, வெள்ளைப் பனியில் கரும்பொட்டாகத் தெரியும். திறப்பைச் சுருக்கச் சுருக்க அது கூர்மையடையும் என்பதால், பனிக்காட்சியை எஃப் 8 ஐத் தாண்டி எடுக்காமல் இருப்பது நல்லது. இரண்டு லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போடச் சொல்லும் நானே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: மாற்றுவதை வீட்டுக்குள், கமராவின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி செய்யுங்கள்.

மழைக்கு எதிரான அடைப்பு எதுவும் இதில் கிடையாது. குடையின் கீழிருந்து எடுக்கலாம், தூறலில் சிறிது நேரம் கைக்குட்டை போர்த்தி எடுக்கலாம், அதற்குமேல் துணிய வேண்டாம். மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை அப்படித்தான் ஓட்ட வேண்டியிருக்கும். அதே மாதங்களில் பதுளை, பண்டாரவளைக்காரர்கள் வறண்ட காற்றில் தூசுக்குப் பயந்துகொண்டிருப்பார்கள். அதேவேளை, தொடுதிரை இல்லாதது ஒரு குறையென்று பலர் எழுதியிருப்பதை நான் ஏற்க மாட்டேன். நனைந்த விரலுக்குக் கைப்பேசித் திரை பணிவதில்லை, பொத்தான்கள் பணிகின்றன. ஒளியியல் பார்வைத்துளையும் மழையில் திரையைவிடத் தெளிவாகக் காட்டுகிறது, ஓரங்களில் ஐந்து விழுக்காட்டை அது மறைத்துவிடுவதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

மழையைவிடப் பெரிய எதிரி வீட்டு ஈரம். குளிரில் நின்ற கமராவை அடுப்பெரியும் குசினிக்குள் அப்படியே எடுத்து வந்தால் லென்ஸின் மேல் நீர் பூக்கும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வைத்துவிட்டுத் திறக்க வேண்டும். இரவில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்து, உள்ளே ஒரு சிறிய ஈரமானியையும் போட்டு, அது 40 க்கும் 50 க்கும் இடையில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டால் லென்ஸில் பூஞ்சணம் பிடிப்பதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். தோல் பைக்குள் வைத்து அலுமாரியில் பூட்டுவது பூஞ்சணத்துக்குத் தொட்டில் கட்டுவதாகும்.

ஆட்களை எடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஓராண்டுத் தொடரில் பாதிக்குமேல் ஆட்கள்தாம் வருவார்கள். சுற்றுலாப் பயணிகள் பாதையோரம் வாகனத்தை நிறுத்திக் கொழுந்தெடுக்கும் பெண்களைக் கேட்காமலேயே எடுத்துவிட்டுப் போவது இங்கே அன்றாடம் நடப்பதுதான். கழுத்தில் கறுப்புக் கமரா தொங்கினால் நம்மையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். இந்தக் கமராவின் சிறிய உருவமும், கண்ணாடி விழும் சத்தத்தை ஓரளவு அடக்கும் அமைதி ஷட்டரும் மாசி மாதத்துக் காமன் கூத்து போன்ற இடங்களில் உதவுகின்றன. ஆனால் கேட்டு எடுப்பதற்கு அவை ஈடாகா. ‘அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?’ என்ற கேள்விக்கு ‘வேணாம் தம்பி’ என்று பதில் வந்தால், அன்றைய படம் பாதையோரத்து நாயாக இருந்துவிட்டுப் போகட்டும். இந்த மலைகளில் கமரா புதிதும் அல்ல. 1875 இல் இலங்கைக்கு வந்த ஆங்கிலப் படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கமரன் 1879 இல் டிக்கோயாவின் கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்து பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டவர். அவர் இலங்கையில் எடுத்தவற்றில் முப்பதுக்கும் குறைவான படங்களே எஞ்சியிருக்கின்றன. அவற்றில் தோன்றும் உழைப்பாளிகள் பலருடைய பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. படத்தின் கோப்பு எண்ணோடு ஆளின் பெயரையும் ஒரு கொப்பியில் குறித்து வைப்பது கமராவுக்கு வெளியே செய்ய வேண்டிய வேலை, ஆனால் நாட்படத் தொடருக்கு அது கட்டாயம்.

படங்களைக் கைப்பேசிக்கு மாற்றுவதில் டி3500 பின்தங்கியது. வைஃபை இல்லை, ப்ளூடூத் மூலம் சிறிய படம்தான் வசதியாக வரும். அன்றன்றைய படத்தைக் குடும்பத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப அது போதும். அச்சிடுவதற்கென்றால் அட்டையைக் கழற்றிக் கணினியில் போடுவதே சுருக்கம். நாளுக்கு ஒரு ரா கோப்பு (சென்சார் பதிந்த மூலத் தரவு) மட்டும் வைத்துக்கொண்டால் ஓராண்டுச் சேகரிப்பு முழுவதும் 16 ஜிபி அட்டைக்குள் அடங்கிவிடும், ஆனாலும் இன்னொரு பிரதி வேறிடத்தில் இருக்கட்டும்.

கைமாறியதை வாங்கப் போகிறவர்களுக்கு: லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டோர்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள், நூல் நூலாகவோ சிலந்தி வலைபோலவோ தெரிந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். எஃப் 16 இல் ஒரு வெள்ளைச் சுவரை எடுத்துச் சென்சார்த் தூசைச் சோதியுங்கள். ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று விற்பவரிடம் கேட்டு, படக் கோப்பிலிருந்து அதைச் சரிபாருங்கள். மின்கலத்தின் மேல் இஎன்-இஎல்14ஏ என்ற குறி இருக்கிறதா, போலியா என்று பாருங்கள், இந்தக் கமராவின் பாதிப் பெருமை அதில்தான் இருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதென்று 50 மிமீ எஃப் 1.8 டி என்ற பழைய லென்ஸை யாராவது தலையில் கட்டப் பார்த்தால் மறுத்துவிடுங்கள். டி3500 க்குள் குவிய மோட்டார் இல்லாததால் அந்த லென்ஸை ஒவ்வொரு முறையும் கையால் திருப்பித்தான் குவிக்க முடியும். கேட்க வேண்டியது 35 மிமீ எஃப் 1.8 ஜி, டிஎக்ஸ் என்று எழுதியிருப்பது.