சாத்தாங்காடு குடோனுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் டிஷ் ஜோடி: வாங்கலாம், ஆனால்...

திருவொற்றியூர் கடையிலிருந்து சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் இருக்கும் குடோனுக்கு நெட் கொண்டுபோக ரிச்சி தெருவில் வாங்கிய, கம்பியில்லாமல் இணைக்கும் 23 டிபிஐ (சிக்னலை ஒரே திசையில் குவிக்கும் திறனின் அளவு) டிஷ் ஜோடியைப் பற்றி எழுதுகிறேன். பிராண்ட் பெயர் போடவில்லை, இதே வெள்ளை டப்பாவை நாலு ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். நடுவில் பக்கிங்காம் கால்வாய். அதைத் தாண்டி ஃபைபர் இழுத்தாலும் எங்கேயாவது பள்ளம் தோண்டி அறுத்துவிடுகிறார்கள், அதனால்தான் இந்த ஏற்பாடு.

டப்பாவில் 300 எம்பிபிஎஸ் என்று பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள். அது 40 மெகாஹெர்ட்ஸ் சேனலில் இரண்டு ரேடியோவும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வேகம். நம் கைக்கு வருவது ஏறக்குறைய அதில் பாதி, அந்தப் பாதியும் முழுசாக வராது, ஏனென்றால் ஈதர்நெட் போர்ட் வெறும் 100. இதை டப்பாவின் எந்தப் பக்கத்திலும் காணோம்.

சிக்னலில் குறை சொல்ல முடியாது. 2 கி.மீ. தூரத்துக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் காற்றிலேயே சுமார் 114 டிபி (டெசிபல், சிக்னல் ஏற்ற இறக்கத்தின் அளவு) போய்விடும். செட்டிங்கில் நாடு இந்தியா என்று வைத்ததும் ரேடியோ அனுப்பும் பவர் 13 டிபிஎம்முக்கு (பவரை அளக்கும் அலகு) இறங்கியது. அதோடு இரண்டு பக்கத்து 23-ஐயும் கூட்டி, 114-ஐக் கழித்தால் எதிர்ப்பக்கம் மைனஸ் 55 வரவேண்டும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிக்னல் பலம். இந்தக் கணக்கைப் போட்டு வைத்துக்கொண்டு மொட்டை மாடி ஏறுங்கள். டிஷ்ஷின் முக்கிய பீம் பத்து டிகிரி அகலம்தான், அதற்குப் பக்கத்தில் சின்னச் சின்ன சைடு லோப்கள், அதாவது பலம் குறைந்த கிளை பீம்கள் இருக்கும், அதில் மாட்டினாலும் பச்சை விளக்கு எரியும். மாட்ட வந்த பையன் மைனஸ் 75-இல் விளக்கு எரிந்ததுமே நட்டை முறுக்கிவிட்டு ஸ்பேனரைப் பையில் போட்டுவிட்டான். "தம்பி, இன்னும் 20 டிபி பாக்கி இருக்கு, திருப்பு" என்றேன். முனகிக்கொண்டே திருப்பினான், சிக்னல் முதலில் சுத்தமாக விழுந்து, அப்புறம் ஒரே ஏற்றமாக ஏறி மைனஸ் 57-இல் நின்றது.

உண்மையான தலைவலி வழியில் இருக்கும் கன்டெய்னர் யார்டு. எதிர் மாடி கண்ணுக்குத் தெரிகிறது, லைன் கிளியர் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள், அது போதாது. பார்வைக் கோட்டைச் சுற்றி சிக்னல் பரவிப் போகும் ஃப்ரெனல் மண்டலம் என்று ஒன்று உண்டு, நம் 2 கி.மீ. லிங்க்குக்கு நடுப்பாதையில் அதன் ஆரம் சுமார் 5 மீட்டர், அதில் 60 சதவீதம், அதாவது 3 மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். ஒரு கன்டெய்னர் உயரம் சுமார் 2.6 மீட்டர். அடுக்கில் ஒன்று கூடினால் போச்சு. ஒரு நாள் காலையில் மைனஸ் 68 காட்டியது, யார்டு வாட்ச்மேனிடம் கேட்டால் "ராத்திரி சரக்கு வந்துச்சு சார், அஞ்சு அடுக்கு போட்டுட்டாங்க" என்றார். இன்னும் பெரிய டிஷ் போடச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். உயரம் இல்லாத இடத்தில் பெரிய டிஷ் வீண் செலவு. ஜிஐ பைப்பை 3 மீட்டர் ஏற்றி ஸ்டே கம்பி கட்டியதும் தீர்ந்தது.

அடுத்து சேனல். 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸில் நிறைய இடத்தை லைசென்ஸ் இல்லாமல் திறந்துவிட்டார்கள், ஆனாலும் எங்கள் ஏரியாவில் எல்லாரும் 5.8 பக்கமே குவிந்து கிடக்கிறார்கள். 40-இலிருந்து 20 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்தால் இரைச்சல் 3 டிபி குறையும். 40-இல் ஸ்பீட் டெஸ்ட் 90 காட்டிவிட்டு கேமரா படம் உறையும், 20-இல் அறுபது சொச்சம்தான், ஆனால் அசையாது. எனக்கு அதுவே போதும். துறைமுகத்து வானிலை ரேடார்தான் கெடுக்கிறது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள், அது எஸ் பேண்ட், 3 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே, இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மழைக்கு 5 கிகாஹெர்ட்ஸ் பெரிதாக அசராது. கடையில் 60 கிகாஹெர்ட்ஸைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், அதில் காற்றின் ஆக்சிஜனே கிலோமீட்டருக்கு சுமார் 15 டிபி தின்றுவிடும், மழை தனி. நம் தூரத்துக்கு வேண்டாம்.

கூட வரும் கிளாம்ப் மட்டம். கடல் காற்றில் சீக்கிரமே துருப்பிடித்தது, நெட் கேபிள் முனையின் ஆர்ஜே45 பின்னிலும் பச்சை ஏறியது. எஸ்எஸ் கிளாம்ப் வாங்கி மாற்றுங்கள், கேபிள் நுழையும் இடத்தில் டேப் சுற்றி, தண்ணீர் சொட்டிவிட கீழே ஒரு தொங்கல் விட்டுக் கட்டுங்கள். இது 24 வோல்ட் பேசிவ் பிஓஇ, அதாவது நெட் கேபிளிலேயே எதையும் சரிபார்க்காமல் கரண்ட் அனுப்பும் முறை, 48 வோல்ட் பேசிவ் ஸ்விட்சில் சொருகினால் ரேடியோ காலியாகிவிடலாம். 3 கி.மீ.க்குள், நல்ல உயரம் கிடைத்தால், தாராளமாக வாங்கலாம். ஐந்துக்கு மூன்றரை, அந்த அரை போனது கிளாம்ப்புக்கு, ஒன்று போனது 300 என்று போட்டதற்கு.