வேளாண் வானிலை ஆலோசனைச் சேவை: கணிப்பு நன்று, போய்ச்சேரும் இடம்தான் தவறு

பருவம் தவறிப் பெய்யும் மழையும் நீண்டுகொண்டே போகும் வெயில் நாட்களும் பயிர்த்தொழிலை அலைக்கழிக்கும் இக்காலத்தில், வானிலைக் கணிப்பைக் கைபேசிக்கே அனுப்பிவைக்கும் ஆலோசனைச் சேவைகள் பெருகிவிட்டன. அவற்றுள் ஒன்றை ஒரு சாகுபடிப் பருவம் முழுவதும் எங்கள் வீட்டில் பயன்படுத்தினோம். அதன் பெயரை இங்கே தவிர்க்கிறேன். நான் சொல்லவிருக்கும் குறை இத்தகைய சேவைகள் பலவற்றுக்கும் பொதுவானது.

கணிப்பின் தரத்தில் பெரிய குறை இல்லை. மழை, வெப்பநிலை, காற்று பற்றிய செய்திகள் உரிய நேரத்தில் வந்தன, பெரும்பாலும் பொருந்தவும் செய்தன. கனமழைக்கு முன் உரமிட வேண்டாம் என்று வந்த ஒரு செய்தியால் உரம் கரைந்து போகாமல் தப்பியது. மொழியும் எளிமையாக இருந்தது.

சிக்கல் பதிவுப் படிவத்திலேயே தொடங்குகிறது. முதல் கட்டத்தில் நில உரிமையாளரின் பெயர், அடுத்ததில் நில ஆவண எண், அதற்கடுத்ததில் கைபேசி எண். ஓர் எண்ணைத்தான் அது ஏற்கும். இன்னொன்றைச் சேர்க்க இடமே இல்லை. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ பெரும்பாலும் அவருக்கே செய்தி போகும். உலக அளவில் வேளாண் நில உடைமையாளர்களில் பெண்கள் 15 விழுக்காட்டுக்கும் குறைவு என்பது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் கணக்கு. நடவும் களையெடுப்பும் கால்நடைப் பராமரிப்பும் பல இடங்களில் பெண்களின் கையில் இருந்தும், அந்த ஒரே கட்டம் அவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. ஆண்கள் பிழைப்புக்காக வெளியூர் போய்விட்ட குடும்பங்களில் நிலைமை இன்னும் மோசம். புயல் மழை பற்றிய செய்தி எங்கோ ஒரு கட்டுமானத் தளத்தில் இருப்பவரின் சட்டைப்பையில் ஒலிக்க, வயலில் நிற்பவர் வானத்தைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

செய்தியின் உள்ளடக்கமும் இதே பார்வையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. “வெப்பம் கூடும், மருந்து தெளிப்பதைத் தவிர்க்கவும், மாலையில் நீர் பாய்ச்சவும்” என்ற அளவில் அது முடிந்துவிடுகிறது. தெளிப்பானும் மோட்டாரும் பெரும்பாலும் ஆண்கள் கையாள்பவை. வெயிலில் குனிந்து களையெடுப்பவர் எத்தனை மணிக்குக் கரையேற வேண்டும், கறவை மாட்டுக்கு எவ்வளவு தண்ணீர் கூட்ட வேண்டும், கர்ப்பிணிகள் எந்த வேலையைத் தள்ளிவைக்க வேண்டும் என்பவை பற்றி ஒரு வரிகூட வரவில்லை. மிகை வெப்பம் குறைப்பிரசவ அபாயத்தைக் கூட்டுகிறது என்பது மருத்துவ உலகம் அறிந்தது. பெண்கள் தலைமையிலான ஊரகக் குடும்பங்கள் வெப்ப அழுத்தத்தால் ஆண்கள் தலைமையிலானவற்றைக் காட்டிலும் 8 விழுக்காடும், வெள்ளத்தால் 3 விழுக்காடும் கூடுதலாக வருமானம் இழக்கின்றன என்று அதே உணவு வேளாண்மை அமைப்பு 2024ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியுள்ளது. இழப்பு யாருக்கு அதிகமோ அவருக்கு ஆலோசனை குறைவாகக் கிடைப்பதை என்னால் சிறு குறையாகக் கொள்ள முடியவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகக் குரல் அழைப்பும் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது விடியற்காலையில், தண்ணீர் பிடிப்பதும் அடுப்பு மூட்டுவதுமாகப் பெண்கள் நிற்க நேரமில்லாத வேளையில் வருகிறது. எடுக்கத் தவறினால் மீண்டும் கேட்க வழியில்லை. செயலியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறது உதவி மையம். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் கைபேசி இணையம் பயன்படுத்தும் வாய்ப்பு ஆண்களைவிடப் பெண்களுக்கு 15 விழுக்காடு குறைவு என்று கைபேசி நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஜி.எஸ்.எம்.ஏ. 2024இல் கணித்திருக்கும் நிலையில், இந்தப் பதிலால் பயனில்லை.

எச்சரிக்கை சென்றடைவதில் உள்ள இடைவெளி உயிரையும் பறிக்கும். 1991ஆம் ஆண்டு வங்கதேசப் புயலில் 20 முதல் 44 வயதுக்குட்பட்ட பெண்களில் ஆயிரத்துக்கு 71 பேர் இறந்தார்கள். அதே வயது ஆண்களில் 15 பேர். செய்தி தாமதமாகக் கிடைத்ததும், குழந்தைகளோடும் முதியவர்களோடும் வீட்டிலேயே தங்கியதும், தங்குமிடங்களில் பெண்களுக்குத் தனி வசதி இல்லாததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அந்நாட்டின் புயல் முன்னேற்பாட்டுத் திட்டத் தொண்டர்களில் இன்று ஏறத்தாழ பாதிப் பேர் பெண்கள். அவர்கள் வீட்டு வாசலுக்கே வந்து பெண்களிடம் நேரில் சொல்கிறார்கள். 2027ஆம் ஆண்டுக்குள் உலகில் ஒவ்வொருவருக்கும் முன்னெச்சரிக்கை கிடைக்க வேண்டும் என்று 2022இல் ஐ.நா. அறிவித்த இலக்கு, வீட்டுக்கு ஓர் எண் என்ற படிவத்தால் நிறைவேறாது.

கணிப்புக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரமும், சென்றடைவுக்கு ஒன்றரையும் தருவேன். படிவத்தில் நில ஆவணத்தைக் கட்டாயமாக்காமல் உழைப்பவர்கள் அனைவரின் எண்களையும் ஏற்பதும், குரல் செய்தியைத் தவறிய அழைப்பு மூலம் திரும்பக் கேட்க வைப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் மாற்றங்கள் அல்ல. அதுவரை இச்சேவையில் சேர விரும்புவோர், படிவம் நில உரிமையாளரின் பெயரைக் கேட்டாலும் எண் கட்டத்தில் வயலில் இறங்கி வேலை செய்யும் பெண்ணின் எண்ணையே எழுதுங்கள். எங்கள் பதிவு அதை மறுக்காமல் ஏற்றுக்கொண்டது.