கிரிஃபித்தா, மவுண்ட் வில்சனா? லாஸ் ஏஞ்சல்ஸில் வானம் பார்க்க எந்த மலை ஏறுவது

லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போகிறவர்கள் கிரிஃபித் வானாய்வகத்தைத் தவறவிடுவதில்லை. ஹாலிவுட் எழுத்துகளோடு படம் எடுத்துக்கொள்ள அதைவிடத் தோதான இடமும் கிடையாது. 1935இல் பொதுமக்களுக்கென்றே திறந்தது. நுழைவு இலவசம், கோளரங்கத்துக்கு மட்டும் டிக்கெட். திங்கள் விடுமுறை. வார இறுதி மாலைகளில் மேலே பார்க்கிங் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். வெர்மான்ட்/சன்செட் மெட்ரோ நிலையத்தில் இறங்கி டாஷ் பஸ் பிடிப்பதே புத்திசாலித்தனம்.

அங்கே இருப்பது ஜெர்மனியின் ஸைஸ் (Zeiss) நிறுவனம் செய்த 12 அங்குலத் தொலைநோக்கி. நிலாவின் பள்ளங்களுக்கும் சனியின் வளையத்துக்கும் அது தாராளம். வரிசையை மூடுவதற்கு முன்பே சேர்ந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வானம் தெளிவாக இருக்க வேண்டுமே! மே, ஜூனில் கடலிலிருந்து வரும் தாழ்மேகம் 1,130 அடியில் இருக்கும் கிரிஃபித்தை அடிக்கடி மூடிவிடும்.

அதே மேகம் 5,700 அடிக்கு மேலே இருக்கும் மவுண்ட் வில்சன் வானாய்வகத்துக்கு வரம். அது கீழேயே தங்கி நகரத்து வெளிச்சத்தையும் மறைக்கிறது. அந்த உயரத்தில் காற்று குழப்பமின்றிச் சீராக ஓடுவதால் விண்மீன்கள் அதிகம் துடிப்பதில்லை. வானியலாளர் ஜார்ஜ் எல்லரி ஹேல் 1904இல் வானாய்வகம் அமைக்க இந்த மலையைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. இங்கே 1908இல் வந்த தொலைநோக்கியின் 60 அங்குலக் கண்ணாடி, கிரிஃபித்தின் ஸைஸைப் போல 25 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. வானியலாளர் எட்வின் ஹப்பிள் 1923இல் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தில் செஃபீட் என்னும், ஒளி ஏறி இறங்கும் விண்மீனைக் கண்டது பக்கத்திலிருக்கும் 100 அங்குலத் தொலைநோக்கியில். இரண்டிலும் இன்று காசு கட்டி, முன்பதிவு செய்து, கண் வைத்தே பார்க்கலாம்.

பெரிய கண்ணாடிக்குப் பெரிய பிடிவாதமும் உண்டு. 1917 நவம்பரில் 100 அங்குலத்தை முதன்முதலில் வியாழனை நோக்கித் திருப்பியபோது, ஒன்றுக்குப் பதில் ஆறேழு வியாழன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. பகலில் குவிமாடம் திறந்திருந்ததால் நாலரை டன் கண்ணாடி வெயிலில் சூடேறி வளைந்திருந்தது. விடியற்காலை குளிர்ந்த பிறகு வேகா விண்மீன் கூர்மையாகத் தெரிந்தது. குவிமாடத்துக்குள் ஹீட்டர் வைக்காததும் இதனால்தான். கோடையிலும் ஜாக்கெட் எடுத்துப் போங்கள். ஈரப்பதம் மிகுந்தாலோ, காட்டுத்தீச் சாம்பல் பறந்தாலோ கண்ணாடிப் பூச்சைக் காக்கக் குவிமாடத்தைத் திறக்கமாட்டார்கள். அதனால் ரத்து விதிகளைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மலையடிவார ஊரான லா கன்யாடாவிலேயே டேங்க்கை நிரப்பிவிடுங்கள், மலைப்பாதையில் பங்க் கிடையாது. குளிர்காலத்தில் பனியால் சாலை அடைபடுவதும் உண்டு.

குழந்தைகளோடு ஒரு மாலை என்றால் யோசிக்காமல் கிரிஃபித். அங்கே பூமி சுழல்வதைக் காட்டும் 240 பவுண்டு ஃபூக்கோ ஊசல் முளைகளை ஒவ்வொன்றாகத் தட்டி விழவைப்பதை அவர்கள் விட்டு வரமாட்டார்கள். எம்13 போன்ற கோளக் கொத்து, அதாவது பந்துபோல் திரண்ட விண்மீன் கூட்டம், தனித்தனி விண்மீன்களாகப் பிரிந்து தெரிவதைப் பார்க்க வேண்டுமென்றால் வில்சன்தான். அதுவும் அமாவாசையை ஒட்டிய தேதியாகப் பாருங்கள். முழுநிலவு நாளில் 60 அங்குலத்துக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் வீண்.